தோகாவுக்குத் தெரியாத மரம்

ஆகஸ்ட் 21

தோகா இன்றைக்கும் கேரட்டைத் துப்பிவிட்டாள். பண்ணைக்காரி போடில் சிரித்துக்கொண்டே, "உங்க ஊர்க் குதிரைக்கு நாக்கே கிடையாதா?" என்றாள். ஐஸ்லாந்தில் எங்கள் பண்ணையில் குதிரைக்குக் கேரட் கொடுத்தவர் யாரும் இல்லை. புல்; பனிக்காலத்தில் காய்ந்த ரொட்டி, பீப்பாயில் உப்புப் போட்ட ஹெர்ரிங் மீன். மீன் என்றதும் போடில் நம்பவில்லை. டென்மார்க் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள் போலிருக்கிறது.

அப்பா தோகாவை இவளுக்கு விற்றுவிட்டார். புது இடத்தில் பழக்கிவிட்டு, கோடை மேய்ச்சல் முடிந்து மலையிலிருந்து குதிரைகளை இறக்கும் நாளுக்கு முன் நான் ஊர் திரும்ப வேண்டும். நான் திரும்பலாம். தோகாவால் முடியாது. எங்கள் தீவை விட்டுப் போன குதிரை மறுபடி அங்கே கால் வைக்கக் கூடாது. நோய் வந்துவிடும் என்ற பயம். சின்ன வயதிலிருந்தே தெரிந்த சட்டம்தான். அது ஒருநாள் என் எதிரே நின்று புல் மெல்லும் என்று நினைத்ததில்லை.

ஆகஸ்ட் 29

மேய்ச்சல் நிலத்தில் ஒரு மஞ்சள் பூச்செடி. கையுறை போட்டுக்கொண்டு வேரோடு பிடுங்கினோம். பச்சையாக இருக்கும்போது கசப்பதால் குதிரை ஒதுக்கிவிடுமாம். காய்ந்த புல்லோடு கலந்துவிட்டால் தெரியாமல் தின்னும், ஈரல் கெடும். காய்ந்ததும் கசப்பு போய்விடுகிறது, நஞ்சு போவதில்லை.

ஏன் விற்றீர்கள் என்று அப்பாவிடம் கத்தினேனே, அந்தக் கோபத்தில் இப்போது கசப்பே இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

செப்டம்பர் 4

இங்கே காற்றே இல்லை. எங்கு பார்த்தாலும் மரங்கள் மறித்துக்கொண்டு நிற்கின்றன.

செப்டம்பர் 12

போடில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள். போகும்போது, மேய்ச்சல் ஓரத்து ஓக் மரங்களைச் சுற்றி மின்வேலி நாடா கட்டச் சொன்னாள். காற்றடித்தால் கொட்டைகள் உதிருமாம், அவை குதிரைக்கு ஆகாதாம்.

"எங்க ஊர்ல எதைத் திங்கணும்னு குதிரைக்கு யாரும் சொல்றதில்ல. அதுக்கே தெரியும்" என்றேன்.

"அங்க ஓக் மரம் இருக்கா?"

"மரமே அவ்வளவா இல்ல."

"அப்புறம் என்ன பேச்சு? கட்டு."

கோடை முழுக்க ஆளில்லாத மலையில் தானே மேய்ந்து, கொழுத்து இறங்கும் குதிரைகளை இவள் பார்த்ததில்லை. நாளைக்குக் கட்டலாம்.

செப்டம்பர் 14

நேற்று முழுக்கக் காற்று. அப்படியே ஊர்க் காற்று. ஜன்னலைத் திறந்து வைத்து, படிப்பதுபோல் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நாடா கொட்டகையிலேயே கிடந்தது.

காலையில் தோகா ஓக் மரத்தடியில் தலை தொங்க நிற்கிறாள். காலடியில் பச்சைக் கொட்டைகள். உதட்டோரம் ஒரு கொட்டையின் தொப்பி ஒட்டியிருந்தது — அவளுக்கே தெரியும்னு சொன்னேனே. எப்படித் தெரியும்? பார்த்ததே இல்லையே அவ. ஊர்க் காத்து வேணும்னு ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு நான்தான் —

செப்டம்பர் 15

மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு மருந்து கொடுத்தார்; குடல் அசையாமல் நின்றுவிட்டதாம். கழுத்தில் ஊசி, மேலே தொங்கும் பை. சிறுநீரகம் தாங்குமா என்று ரத்தம் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம்.

போடில் ஓடி வந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். தோகாவின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள்: "என்னோட மொதக் குதிரைக்கு, தோட்டத்துல மிஷின்ல வெட்டின புல்லை நானே அள்ளிக் கொட்டினேன். ஆசை ஆசையாத் தின்னுச்சு." அப்படிக் குவித்த புல் வயிற்றில் புளித்துக் குதிரையைக் கொன்றுவிடும் என்று எனக்கும் தெரியும்.

அப்பாவிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "லத்தி போட்டாளா?" என்றார். இல்லை என்றேன். "போட்டதும் கூப்பிடு. எந்நேரமா இருந்தாலும்."

செப்டம்பர் 17

லத்தி போட்டாள். அப்பாவைக் கூப்பிட்டேன். அழுதது நானா அவரா, தெரியவில்லை.

செப்டம்பர் 25

பிழைத்துவிட்டாள் என்கிறார் மருத்துவர். ஆனால் தீனியில் மனமில்லை. வைத்ததில் பாதி அப்படியே கிடக்கிறது. நான் லாயத்தை விட்டு நகர்ந்தால் தலையைத் திருப்புகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை விமானம். ஊருக்குப் போகும் துணிகளை வெந்நீரில் துவைத்தேன். வெளிநாட்டுக் குதிரையோடு புழங்கிய துணியை அப்படியே கொண்டுபோக முடியாது. கையுறையும் சேணமும் இங்கேயே விட்டுப்போக வேண்டியவை. சட்டைக் கையிலிருந்து தோகாவின் முடிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். பிறந்ததும் நான் கையில் ஏந்தியவள், இப்போது வெளிநாட்டுக் குதிரை.

அக்டோபர் 4

ஊரில் குதிரைகள் இறங்கும் நாள். நான் விமானம் ஏறவில்லை. அப்பா போனைத் தூக்கிப் பிடித்தார். குளம்புச் சத்தம், யாரோ கட்டைக்குரலில் பாடுகிறார்கள், நாய். கண்ணை மூடிக் கேட்டேன்.

"தோகாவோட அம்மாக்காரி மொத ஆளா வந்துட்டா" என்றார். "நம்ம குதிரைகளப் பிரிக்க வழக்கமா நீ நிக்கிற கதவுல உன் தம்பிய நிறுத்தியிருக்கேன். பாதிக் குதிரைய விட்டுட்டான்." எப்போது வருகிறாய் என்று கேட்கவில்லை. "சாப்பிடறாளா?" என்றுதான் கேட்டார்.

அக்டோபர் 9

ரத்தத்தில் எல்லாம் சரியாக இருக்கிறதாம். துணிந்து கேட்டேன். மருத்துவர் சிரித்துவிட்டு, ஒரு சின்னத் துண்டு பரவாயில்லை என்றார். துறைமுகத்துக் கடையில் உப்பு ஹெர்ரிங் வாங்கி வந்தேன். போடில் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு அப்பால் நின்றாள்.

தோகா முகர்ந்தாள். காதுகள் நிமிர்ந்தன. துண்டு போன இடம் தெரியவில்லை. கையை நக்கினாள், பிறகு சட்டைக் கையை, முழங்கை வரைக்கும்.

"நாக்கு இருக்குதான்" என்றாள் போடில்.

ஊருக்குப் போகத் துவைத்து மடித்து வைத்த சட்டை அது. இப்போது முழுக்க மீன் நாற்றமும் சாம்பல் நிற முடியும்.

நாளை காற்றடிக்கும் என்கிறார்கள். விடிந்ததும் போய்க் கொட்டை பொறுக்க வேண்டும்.