கட்டிலுக்கு விட்டுவைத்த இடம்

என் அன்பு மகளுக்கு, ஏழு மாடிக் கட்டடத்திலிருந்து இரும்புப் பீரோவை முதுகில் சுமந்து இறங்கியபடியே கொட்டாவி விட்டவனும், சாமான் ஏற்றும் லாரிகள் எல்லாம் தூரத்தில் பார்த்தாலே ஹாரன் அடித்து வணங்குகிறவனும், இத்தனை பெருமை இருந்தும் வீட்டில் ஒரு செருப்பை இடம் மாற்றி வைத்ததற்காக இன்று காலைகூட உன் சித்தியிடம் திட்டு வாங்கியவனுமாகிய உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம். என் முழங்கால் மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை, அதுவும் உன்னை மாதிரிதான், செல்லம் கொடுத்துக் கெட்டுப் போனது. சித்திக்கு ரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது தலைசுற்றல் இல்லை. நீயும் மாப்பிள்ளையும், வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னை உதைக்கிற அந்த மூன்றாவது ஆளும் எப்படி இருக்கிறீர்கள் என்று போனில் தினமும் கேட்கிறேன், ஆனால் போனில் நான் ஏதாவது தமாஷ் பேசிவிடுகிறேன், நீ சிரித்துவிடுகிறாய், இரண்டு பேரும் தப்பித்துக்கொள்கிறோம். இதைத் தப்பிக்காமல் சொல்ல வேண்டும் என்பதால்தான் காகிதம்.

முதலில் ஒன்று. மாப்பிள்ளை என்னிடம் பேசினார். என்னை மாட்டிவிட்டுவிட்டீர்களே என்று அவர்மேல் பாயாதே, அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள். இரண்டு தடவை கடைக்குப் போய்க் குழந்தைக் கட்டிலைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டாய் என்றும், வீட்டில் கட்டிலுக்கு என்று ஜன்னல் ஓரத்தில் விட்டுவைத்த இடத்தில் துணி காயப்போடும் ஸ்டாண்டை இழுத்துப் போட்டு மறைத்துவிட்டாய் என்றும் சொன்னார். "நானா எதாவது கேட்டா அப்புறம் பாத்துக்கலாம்னு எழுந்து போயிடுறா மாமா, இனி எப்போ பாக்கறது" என்றார். எனக்கும் சித்திக்கும் புரியாமல் இல்லை அம்மாடி. போன தடவை எல்லாம் முன்கூட்டியே வாங்கிவைத்தாய். பிரிக்காத அந்த அட்டைப்பெட்டி வாசலில் நின்றதும், ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் இரண்டே பேராகத் திரும்பி வந்ததும், மாப்பிள்ளை அதை மறுபடி கடைக்கு ஏற்றி அனுப்பியதும் நேரில் பார்க்காவிட்டாலும் பார்த்த மாதிரிதான் எனக்கு. வாழ்நாளெல்லாம் அட்டைப்பெட்டியோடு குடித்தனம் நடத்தியவன் நான், ஒரு பெட்டி எவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் சித்தியும் நானும் ஒரு பெரிய முடிவு எடுத்தோம். நீ வாங்க வேண்டாம், நாங்களே கட்டிலை முழுதாகத் தயார் செய்து கம்பெனி கன்டெய்னரில் ஏற்றி உன் வீட்டு வாசலில் இறக்கிவிடுவோம், நீ கதவைத் திறந்தால் போதும் என்று. தோதாக அந்த வாரம் கம்பெனி வேலையாக ஒரு வீட்டைக் காலி செய்யப் போனோம், அவர்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், ஒரு வெள்ளைக் கட்டிலைக் காட்டி இது எங்களுக்கு வேண்டாம், நீங்களே கழித்துவிடுங்கள் என்றார்கள். தலைமாட்டில் முயல் செதுக்கியிருந்தது, ஒரு பக்கக் கம்பி வரிசை மேலும் கீழும் இறங்கி ஏறும். அப்படி ஒரு கட்டிலில் மகாராஜாக்கள்கூடப் படுத்திருக்க மாட்டார்கள். ஹாலில் கொண்டுவந்து நிறுத்தினேன். பிறகு ஆரம்பித்தது எங்கள் திருப்பணி. எங்கள் தொழிலில் ஒரே வேதம்தான் உண்டு, பெட்டிக்குள் இடைவெளி இருக்கக் கூடாது, இடைவெளி இருந்தால் பொருள் ஆடும், ஆடினால் உடையும். ஆகவே நான்கு பக்கமும் கம்பி தெரியாமல் கனமான ஸ்பாஞ்ச், அதற்குச் சித்தி தைத்த பூப்போட்ட உறை, தலைக்கு ஒரு தலையணை, இரண்டு பக்கமும் உருண்டை அணைகள், கீழே புதைய புதைய மெத்தை, மேலே பஞ்சுப் போர்வை, மூலைக்கு ஒரு துணி முயல். சித்தி ராத்திரி பகலாகக் கண்ணைக் கெடுத்துக்கொண்டு தைத்தாள். முடித்துவிட்டுப் பார்த்தால், ஒரு யானைக்குட்டியை அதில் வைத்து மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் அது கீழே வந்து இன்னும் ஐந்து நிமிஷம் தூங்கிக்கொள்கிறேன் என்று சொல்லும்.

அன்றைக்குத்தான் மாடி வீட்டு நர்ஸ் சாவி கொடுக்க வந்தாள். குழந்தைகள் வார்டில் வேலை பார்க்கிறவள், நீ ஊருக்குப் போன பிறகு குடிவந்தவள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் கட்டிலையே பார்த்தாள். அசந்துபோய் நிற்கிறாள் என்று நான் மீசையைத் தடவிக்கொண்டிருந்தேன். "குழந்தைய எங்கண்ணே படுக்க வைப்பீங்க" என்றாள். நடுவிலேதாம்மா, சிம்மாசனம் மாதிரி என்றேன். "எனக்குக் கட்டிலே தெரியலண்ணே, பொதிதான் தெரியுது. எல்லாத்தையும் வெளிய எடுங்க. தலகாணி, ஸ்பாஞ்சு, போர்வை, அந்த முயல், எல்லாம்" என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தெருவே பற்றி எரிந்திருக்க வேண்டும், ஏதோ மழை பெய்ததால் பிழைத்தது. "முப்பது வருஷமா என் கையில ஒரு கண்ணாடி டம்ளர் உடைஞ்சதில்ல தெரியுமா" என்றேன். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "டம்ளர் மூச்சு விடாதுண்ணே" என்றாள். அப்புறம் என்னை முழங்காலிட்டு அந்த ஸ்பாஞ்சில் முகத்தைப் பதித்து அப்படியே இருக்கச் சொன்னாள். நானும் வேடிக்கையாகத்தான் பதித்தேன். நாலு மூச்சுக்குள் நான் விட்ட காற்றே சூடாக என் மூக்குக்குத் திரும்பி வந்தது, நெஞ்சு முட்டியது, தலையை வெடுக்கென்று தூக்கிவிட்டேன். "உங்களுக்குத் தலையத் தூக்கத் தெரியுது" என்றாள். அன்றைக்கு அதற்கு மேல் எனக்குத் தமாஷ் வரவில்லை.

சித்திதான் விடவில்லை. "எங்க பொண்ணையும் நாலு பக்கம் தலகாணி அண்டக் குடுத்துதானே வளத்தோம், நல்லாத்தானே இருக்கா" என்றாள். உன் அம்மா அப்பா போய் நீ எங்களிடம் வந்தபோது உனக்கு உட்காரக்கூடத் தெரியாது, சித்தி உன்னைச் சுற்றிக் கோட்டை கட்டி வைத்திருந்தாள், அது அவளுக்குப் பெருமை. நர்ஸ் சாவியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நல்லா இருக்கறவங்கதான்க்கா நல்லா இருக்கேன்னு வந்து சொல்றாங்க. மத்தவங்கள நான் வார்டுல பாத்திருக்கேன்" என்றாள். எழுந்து ஒரு பக்கத்து ஸ்பாஞ்சை விலக்கிவிட்டு, மேஜைமேல் நான் குடித்துப் போட்ட சோடா டின்னை எடுத்துக் கட்டிலின் கம்பிகளுக்கு நடுவே விட்டாள். அது தங்குதடையில்லாமல் உள்ளே போய் விழுந்தது. டின் நுழைந்தால் குழந்தையின் உடம்பும் நுழைந்துவிடும், தலை மட்டும் வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும் என்றாள். பிறகு என்னைப் பார்த்து, ஒரு வீட்டுச் சாமானைத் தொட்டதும் நீங்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். ஆட்டிப் பார்ப்போம் என்றேன். "அப்ப ஆட்டுங்க" என்றாள். உன் சித்தப்பன் ஊரில் உள்ள நாற்காலி மேஜை எல்லாவற்றையும் ஆட்டிப் பார்ப்பவன், இந்த ஒன்றை மட்டும் முயலைப் பார்த்து மயங்கி ஆட்டாமலே விட்டிருந்தான். ஒரு மூலையைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினேன். ஏறி இறங்கும் அந்தப் பக்கம் கொக்கியிலிருந்து நழுவிப் படாரென்று விழுந்தது. நீ சின்ன வயதில் கதவில் விரலை நசுக்கிக்கொண்டபோது சித்தி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாளே, அதே மாதிரி நின்றாள்.

மறுநாள் அந்தக் கட்டிலை அறுத்துவிட்டேன். கொடிக்கம்பம் என்று நாங்கள் கூப்பிடும் நெட்டையன் இருக்கிறானே, லாரி மேலே ஏறாமலே கயிறு கட்டுவானே, அவன் பேரனுக்கு ஆகும் கொடுண்ணே என்று கேட்டான். தெருவில் வைத்தாலும் யாராவது ஆசைப்பட்டுத் தூக்கிப் போய்விடுவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள், அதனால் அவன் முறைக்க முறைக்கவே அறுத்தேன். முயல் செதுக்கிய துண்டை மட்டும் ஆணி பிடுங்கித் தேய்த்து எடுத்து வைத்திருக்கிறேன், சுவரில் மாட்டலாம், ஆனால் குழந்தையின் தலைக்கு நேர் மேலே வேண்டாம். சித்தி மூன்று நாள் என்னோடும் நர்ஸோடும் பேசவில்லை. பிறகு ஒரு மத்தியானம் உட்கார்ந்து தையலை எல்லாம் பிரிக்க ஆரம்பித்தாள். அந்த ஸ்பாஞ்ச் எல்லாம் இப்போது உனக்கு முதுகுத் திண்டும் கைத்திண்டும் ஆகிவிட்டன, பால் கொடுக்கும்போது நாற்காலியில் சாய்ந்துகொள்ள. பார்சல் கிளம்பிவிட்டது. பூப்போட்ட திண்டு எதுவாக இருந்தாலும் அது அம்மாவுக்கு, குழந்தைக்கு இல்லை என்று சித்தி இரண்டு தடவை எழுதச் சொன்னாள். இரண்டாவது தடவையும் எழுதிவிட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன், நீயும் அப்படியே சொல்.

கட்டில் புதிதாக வாங்குங்கள், யார் எவ்வளவு ஆசையாகக் கொடுத்தாலும் பழையது வேண்டாம். பக்கம் எதுவும் இறங்கி ஏறக் கூடாது. கடைக்குப் போகும்போது பையில் ஒரு சோடா டின் போட்டுக்கொள், கடைக்காரன் ஒரு மாதிரி பார்த்தால் என் சித்தப்பா அரசாங்கக் கட்டில் சோதனைத் துறை அமைச்சர் என்று சொல். டின் எந்த இரண்டு கம்பிக்கு நடுவிலும் நுழையக் கூடாது. மெத்தை கல் மாதிரி இருக்கிறதே என்று உனக்குப் பரிதாபம் வரும், வரட்டும், அழுத்தினால் குழி விழாத மெத்தைதான் அதற்குச் சுகம், குழி விழுவது நமக்குத்தான் சுகம். மெத்தைக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை அந்தக் கட்டிலுக்கு இல்லை. இழுத்துப் பிடிக்கிற விரிப்பு ஒன்று போதும். தலையணை, போர்வை, பொம்மை ஒன்றும் வேண்டாம், குளிராக இருந்தால் உடம்போடு தைத்த மாதிரி இருக்கும் தூங்கும் உடுப்பு விற்கிறார்களாம், அதைப் போடு. எப்போதும் மல்லாக்கப் படுக்க வை, பகல் தூக்கம் என்றாலும்தான். உங்கள் அறையிலேயே, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். களைப்பாக இருக்கிறது என்று சோபாவில் குழந்தையை மார்போடு போட்டுக்கொண்டு நீ தூங்கிவிடாதே, கண் சொருகினால் மாப்பிள்ளையை எழுப்பு, அவர் தூங்கினது போதும். ஜன்னல் ஓரம் வேண்டாம், திரைச்சீலைக் கயிறு கைக்கு வரும், இடத்தை மாற்றுங்கள். திருகாணி எல்லாவற்றையும் மாப்பிள்ளை முடுக்கிவிட்டு மறுநாளும் ஒருமுறை முடுக்க வேண்டும். பூட்டி முடித்த பிறகு நாலு திருகாணி மிச்சம் இருந்தால் கம்பெனிக்காரன் தாராளமாகக் கொடுத்திருக்கிறான் என்று அவர் சந்தோஷப்படுவார், நம்பாதே, அவிழ்த்து மறுபடி பூட்டச் சொல். கடைசியாக நீ போய் ஆட்டிப் பார். சத்தம் வரக் கூடாது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். பொதியை எல்லாம் எடுத்த பிறகு அந்தக் கட்டில் மொட்டையாக நின்றபோது சித்தி என் காதோடு, "இப்படி வெறுமையா நின்னா நம்ம பொண்ணு பயந்துடுவா" என்றாள். அவள் அத்தனை பஞ்சையும் எதற்குத் திணித்தாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. குழந்தைக்காக இல்லை, உன் கண்ணுக்காக. நீயும் ஸ்டாண்டை இழுத்துப் போட்டது அதற்காகத்தான். அம்மாடி, உன் சித்தப்பன் பொய்யாகவே பேசிப் பிழைத்தவன், இதை மட்டும் தொழில் தெரிந்து சொல்கிறேன். காலி செய்துவிட்டுப் போன அறையையும் குடிவரப் போகிற அறையையும் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். சரி, நூற்றுக்கணக்கில். உள்ளே நின்று பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், அதே வெறும் சுவர், அதே எதிரொலி. எது எது என்று எங்களுக்கே தெரியாது, வாசலுக்கு வந்து லாரி கிளம்புகிறதா, வந்து நிற்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். போன வருஷம் நீ பார்த்தது ஒரு வெறும் இடம். அந்தத் துக்கத்தை மறக்கச் சொல்ல எனக்கு வாயில்லை, அந்தக் குழந்தை எங்களுக்கும் குழந்தைதான். ஆனால் இது வேறு வெறும் இடம். வெறுமையாகவே இருக்க வேண்டிய இடம், உள்ளே வந்து படுக்கப் போகிறவர் ஒருத்தரைத் தவிர எதுவும் இருக்கக் கூடாத இடம். கட்டில் வந்து நின்றதும் அதைப் பார்க்கப் பயமாக இருந்தால் திரும்பிக் கண்ணாடியில் உன்னைப் பார். சாமான் நிறைந்த லாரி வாசலில்தான் வந்து நிற்கிறது. இப்படி எழுதியதற்கு நீ என்னை அடிப்பாய், வா, வந்து அடி.

எனக்கும் பயம்தான், அதை மறைக்கவில்லை. பயந்துகொண்டே வாங்கு, பயந்துகொண்டே பூட்டு, அதில் தப்பில்லை. நீயும் உன் வயிற்றில் இருக்கும் தங்கமும் ஒரு குறையும் இல்லாமல் இரண்டு உயிராக எழுந்து உட்கார வேண்டும், மாப்பிள்ளைக்குத் தூக்கம் இல்லாமல் போக வேண்டும், உங்கள் வீட்டுக் கொடி நிறையச் சின்னச் சின்னத் துணியாகத் தொங்க வேண்டும் என்று நானும் சித்தியும் மனதார வாழ்த்துகிறோம். இந்தக் கடிதம் கிடைத்ததும் முதலில் அந்த ஸ்டாண்டை நகர்த்து, பிறகு எனக்குப் போன் செய். சோடா டின்னை மறந்துவிடாதே.

இப்படிக்கு, முகத்தை ஸ்பாஞ்சில் பதித்து மூச்சுத் திணறிய வீரப் பரம்பரையின் ஒரே வாரிசு,
உன் சித்தப்பா