ஆட்டம் அவளுடையது

பிப்ரவரி 3

ஞாயிறு இணைப்பின் ஆசிரியர் அழைத்தார். ரோல்-பிளேயிங் வீடியோ கேம்களில் எது முக்கியம், கதையா, சூழலா, ஆட்டமா என்று ஒரு கட்டுரை வேண்டுமாம். "உங்க வீட்டம்மா அதுல புலியாமே சார்" என்றார்.

புலி அடுத்த அறையில் இருந்தது. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து, அப்படியும் கொஞ்சம் சிந்தி, சிந்தியதை நான் பார்த்தேனா என்று பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்காதவன்போல் இருந்துகொண்டேன்.

நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னது மழைக்காலத்தில். முதலில் கை, பிறகு பேச்சு, பிறகு மூச்சு. வரிசை மாறலாம் என்றார். எங்கே போய் நிற்கும் என்று நாங்கள் கேட்கவில்லை.

பிப்ரவரி 4

வீட்டிலேயே கருத்துக் கேட்டேன்.

மகள்: "சூழல்தான்பா. அந்த மழைச் சத்தம் போதும் எனக்கு. யார் யாரைக் கொன்னா என்ன?"

நான் கதை என்றேன். வாழ்நாள் முழுக்கச் செய்தி எழுதியவன் வேறென்ன சொல்வேன்?

மனைவி சிரித்தாள். "கதை புத்தகத்துல இருக்கு. மழை ஜன்னலுக்கு வெளியே இருக்கு. இதுல மட்டும்தான் நான் அடிச்சா அடி விழும். நான் திரும்பினா வழி திரும்பும். தப்புப் பண்ணினா நானே சாவேன். எழுதிக்கோங்க நிருபரே."

எழுதிக்கொண்டேன். நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவள். சொல்லாத ஒரு சொல்லைச் சேர்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

பிப்ரவரி 19

வலது கட்டைவிரல். அழுத்துகிறாள், பொத்தான் இறங்கவில்லை. கேமில் அவளுடைய ஆள் நாடு கடத்தப்பட்ட ஒரு வில்லாளி. சொந்த ஊருக்கு நடந்தே திரும்புகிறாள். வில்லை உயர்த்தியவள் அப்படியே நின்றாள். எதிரே, பாலத்தின் நடுவில், இரும்புச் சட்டைக்காரன். ஓங்கி ஒரே வெட்டு.

கன்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 24

இப்போது நான் கை, அவள் தலை.

"இடது. ஐயோ, உங்க இடது இல்லை, அவ இடது!"

சந்தையில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் நின்று பேசினேன். பழக்கதோஷம். கிழங்கு விற்பவனிடம் மூன்றாவது கேள்வி கேட்டபோது பொறுமை இழந்தாள். "பேட்டி எடுத்தது போதும். அவன் கிழங்கு விக்கிறவன், மந்திரி இல்லை."

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மூன்று பேரும் சேர்ந்து சிரித்து எத்தனை நாளாயிற்று!

மார்ச் 12

பாலத்தில் தோற்றோம்.

மார்ச் 13

மறுபடியும். "குனி" என்று அவள் சொல்லி, அது என் காதில் விழுந்து, விரலுக்குப் போய்ச் சேர்வதற்குள் வாள் வந்துவிடுகிறது. அவளுக்கும் சொல் முன்போல வரவில்லை. நாக்கு தடிக்கிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு முறை மூச்சு எடுக்கிறாள். அந்த இரும்புப் பயல் காத்திருப்பானா?

மார்ச் 20

மகள் இவளைப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போயிருந்தாள். கேமின் அமைப்புகளைத் திறந்து, 'கடினம்' என்றிருந்ததை 'எளிது' என்று மாற்றினேன். ஒரு தடவையாவது பாலத்தைத் தாண்டட்டுமே. இதில் என்ன குறைந்துவிடும்?

மார்ச் 21

தாண்டினோம். மூன்றாவது அம்பிலேயே விழுந்தான். நான் கைதட்டினேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாத்தினீங்களா?"

மழுப்பினேன். மழுப்புகிறவர்களைக் கேள்வி கேட்டே பிழைத்தவன், எவ்வளவு மட்டமாக மழுப்பினேன்.

"சாப்பாடு ஊட்டறீங்க. சரி. பல் தேய்ச்சு விடறீங்க. சரி. எனக்கு வலிக்குதான்னு நர்ஸ் உங்களைக் கேக்கறா. அதுவும் சரி." நின்று மூச்சு வாங்கினாள். "இது ஒண்ணுல என்னைத் தோக்க விடுங்க."

சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். யாருக்காக மாத்தினே? சொல்லு. அவளுக்காகவா? அவ தோக்கறதை உன்னால பாக்க முடியலை, அதானே?

மார்ச் 22

'கடினம்'. பாலத்துக்கு முன்னால் சேவ் செய்த இடத்துக்கே திரும்பினோம். தோற்றோம். நேற்றைவிட அவள் முகம் தெளிவாக இருந்தது.

ஏப்ரல் 9

கட்டுரை எங்கே என்று கேட்டார் இணைப்பாசிரியர். வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். பத்திரிகையில் ஒரு பக்கம் நிரப்பும் கருத்து மோதலாக இதை என்னால் எழுத முடியாது.

மே 2

பேச்சு நின்றுவிட்டது. கண்ணாடிபோன்ற ஒரு பலகையில் எழுத்துகள். அவள் ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்க, நான் சேர்த்துப் படிக்க வேண்டும். எனக்கு அவசரம். முதல் எழுத்திலேயே பாய்கிறேன் — "தண்ணியா? தலையணையா?" அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். வாயை மூடு என்று அர்த்தம்.

"அப்பா, அம்மா சொல்லி முடிக்கட்டுமே" என்கிறாள் மகள்.

இனிச் சண்டைகளுக்கு வழியில்லை. வில்லாளியை ஏரிக்கரையில் நிறுத்திவிட்டு மழையைக் கேட்டுக்கொண்டிருக்கலாமா அம்மா என்று மகள் கேட்டாள். இவள் பலகையைப் பார்த்தாள். பொறுமையாகப் படித்தேன்.

'அணை.'

டிவியை அணைத்தேன்.

மே 3

யாரும் டிவி பக்கம் போகவில்லை.

ஜூன் 17

காலையில் மருத்துவர் வீட்டுக்கே வந்தார். மூச்சு தானாக இனி நெடுநாள் ஓடாது. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தால் எந்திரம் மூச்சு விடும், வருடக்கணக்கில்கூட இருக்கலாம். இல்லையென்றால் சில வாரங்கள். எல்லாவற்றையும் என் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"நீங்க என்ன சார் நினைக்கறீங்க?"

பதில் என் தொண்டையில் தயாராக இருந்தது. வையுங்கள். எந்தக் குழாயானாலும் வையுங்கள்.

பலகையை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். "அவகிட்ட கேளுங்க டாக்டர்."

நாற்காலியைக் கட்டில் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னார். அவள் பார்க்கத் தொடங்கினாள். 'குழாய்' என்று படித்தேன்.

"குழாய் வெச்சுடலாம்ங்கறாங்க, இல்லையா?" என்றார் மருத்துவர்.

ஆமாம் என்று சொல்ல எவ்வளவு ஆசை எனக்கு.

"இருங்க. அவ இன்னும் முடிக்கலை."

கடைசி எழுத்துவரை காத்திருந்தேன். பிறகு, அவள் சொன்னதைச் சொன்னபடி படித்தேன். "குழாய் வேண்டாம்."

மகள் எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். "வேண்டாம்தானா?" என்று மருத்துவர் அவளிடமே இன்னொரு முறை கேட்டார். கண்களை மேலே உயர்த்தினாள். எங்களுக்குள் அது ஆமாம்.

அவர் பையை மூடும்போது அவள் பார்வை மறுபடி பலகைக்கு வந்தது. இன்னும் ஏதோ சொல்ல வேண்டியிருக்கிறது. தோள் கடுத்தது. பலகையை இறக்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.