தராசுக்கு மேலே மாட்டிய நெகட்டிவ் ரிப்போர்ட்

என்மேல் கோபப்படவே தெரியாத அண்ணாவுக்கு,

மண்டி மொஹல்லாவில் உங்கள் மிளகாய்க் கடையை இப்போது அண்ணிதான் பார்க்கிறார். வியாபாரம் பரவாயில்லை. பெரியவள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். சண்டையைத் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிக்கிறாள். இதெல்லாம் நல்ல சேதி. நான் எழுத உட்கார்ந்தது இதற்கல்ல.

கொரோனா சமயத்தில் நீங்கள் இருமத் தொடங்கினீர்கள். மிளகாய்க் கடையில் இருமாதவர் யார்? ஆனால் அந்த வருஷம் ஒருவர் தொண்டையைச் செருமினாலே தெரு காலியாகும். வாடிக்கைக்காரர்கள் வாசலோடு திரும்பினார்கள். நானோ விஜயநகரில் ஓர் ஆஸ்பத்திரியின் காய்ச்சல் வார்டு நர்ஸ். நானே உங்களுக்கு டெஸ்ட் எடுத்தேன். நெகட்டிவ். அந்தக் காகிதத்தை லேமினேஷன் செய்து, தராசுக்கு மேலே ஆணியடித்து மாட்டியதும் நான்தான். ஏதோ பட்டம் வாங்கிக் கொடுத்த மாதிரி எனக்குப் பெருமை.

ஒரு மாதம் கழித்து போனில் கூப்பிட்டீர்கள்.

"அம்மிணி, சாயங்காலமானா மேலு கொதிக்குது. பேண்ட்டு இடுப்புல நிக்கமாட்டேங்குது. இருமலும் இன்னும் விட்டபாடில்ல."

"நெகட்டிவ்னா ஒண்ணுமில்லைனு அர்த்தமுங்கண்ணா. மிளகா நெடிதான். சும்மா பயந்துக்காதீங்க."

அன்று கவச உடைக்குள் வெந்துகொண்டிருந்தேன் என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். மாலைக் காய்ச்சல், உடம்பு இளைப்பது, வாரக்கணக்கில் இருமல் என்றால் டிபி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நர்சிங் முதல் வருஷத்திலேயே படித்த பாடம். உங்கள் சளியை ஒரு டப்பாவில் வாங்கி அனுப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? கொரோனா இல்லையென்றால் வேறு ஒன்றுமே இல்லை என்று எனக்கு யார் சொன்னது?

கடைசியில் எக்ஸ்ரே எடுத்தபோது இரண்டு நுரையீரலும் அரித்துப் போயிருந்தன. டிபி மாத்திரை தொடங்கிய ஒன்பதாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். வியாதி முற்றிவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அந்த போனைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் டெஸ்ட் எடுக்க வைத்தேன், யாருக்கும் இல்லை. அதற்காக அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வெட்கமாக இருந்தது அண்ணா. இப்போதும்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையில் வைத்து அண்ணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் மிளகாய் மூட்டையைத் தைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்குத் தெரியும் அம்மிணி. டாக்டருகிட்டப் போலாம்னு அன்னிக்கே ரெண்டு தடவ கூப்புட்டேன். எந்தங்கச்சிக்குத் தெரியாததா டாக்டருக்குத் தெரிஞ்சிரப் போவுதுன்னு வரமாட்டேன்னுட்டாரு."

கவனிக்காமல் விட்டதுதான் என் தப்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீங்கள் போகவிருந்த வழியை அடைத்ததும் நானேதான். அண்ணி மறுபடி ஊசியில் நூல் கோத்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இருமிக்கொண்டு வருகிற யாரிடமும் ஒன்றுமில்லை என்று இனி என் வாய் சொல்லாது அண்ணா. எத்தனை வாரமாக என்று கேட்பேன். சளியை வாங்கி அனுப்புவேன். "எனக்குத் தெரியவில்லை, டாக்டரைப் பாருங்கள்" என்பேன். உங்களிடம் நான் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான்.

டாக்டரைவிட நீங்கள் நம்பிய தங்கை,
அம்மிணி