பேண்டேஜ் துணியில் தைத்த பை

அக்கா,

இன்று காலை தங்கச்சி சைக்கிள் பழகப் போய் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். அம்மா அலமாரியிலிருந்து ஒரு பேண்டேஜ் சுருளை எடுத்துக் கொடுத்தாள். பிரித்ததும் கஞ்சியும் சலவைப் பவுடரும் கலந்த அந்த வாசனை வந்தது. உங்கள் வீட்டுக்குள் நுழைந்தாலே அடிக்கும் வாசனை. வெட்டுவதற்கு முன் துணியை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தேன். எதிர்வீட்டு முருங்கை மரம் தெரிந்தது. மரத்தில் உட்கார்ந்திருந்த காக்காவும் தெரிந்தது. இந்தத் துணியைத்தானே நீ போதும் என்று சொன்னாய்.

கட்டுப் போட்டுவிட்டு நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். நீ இறந்து ஐந்து மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது நீ போட்ட இரண்டு இன்லேண்டு கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. இதை அவற்றுக்கான பதிலாக வைத்துக்கொள்.

ஒன்பதாம் வகுப்பில் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள் நான் என்பது உனக்குத் தெரியும். எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரலே வராது. அப்பாவுக்கு மில்லில் வேலை போனபோது, இனிப் படித்தது போதும் என்றார்கள். நான் அழவில்லை. மரப்பட்டறையில் பேச வேண்டிய அவசியம் இருக்காது என்று நினைத்துத்தான் வேலைக்கு வந்தேன். அங்கே நீ இருந்தாய். என்னைவிட மூன்று வயது பெரியவள். முதலாளி வீட்டம்மா என் பேரைக் கேட்டால்கூட நீதான் பதில் சொல்வாய். டீக்கடைப் பையனிடம் எனக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று சொல்வதும் நீதான். "இவளுக்கு வாய் எங்கிட்ட இருக்கு, கை மட்டுந்தான் அவகிட்ட இருக்கு" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாய். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

குழந்தைகளுக்கான நடைவண்டி செய்கிற பட்டறை. முன்னால் அறுவை மெஷினும் கடைசல் மெஷினும். பின்னால் தகரம் வேய்ந்த இடத்தில் நாம் இருவர். சக்கரத்தையும் கைப்பிடியையும் தேய்க்கும் மெஷினில் கொடுத்து எடுத்து, பிறகு உப்புத்தாளால் கையால் தேய்ப்போம். பிள்ளைகள் வாயில் வைக்கிற சாமான், சிலாம்பு இருக்கக் கூடாது என்பார் முதலாளி. மஞ்சணத்தி மரம் என்பதால் தூசும் மஞ்சளாக இருக்கும். நம் இமையில், காதில், தாவணி மடிப்பில் எல்லாம் மஞ்சள். "மஞ்சத் தேச்சுக் குளிக்கவே வேணாம்ட்டி நமக்கு" என்பாய்.

எனக்கு இருமல் வந்தது. முதலில் வேலை நேரத்தில், பிறகு வீட்டிலும். துப்பினால் மஞ்சளாக வந்ததை அம்மா பார்த்துவிட்டாள். "இன்னும் ஒரு மாசம் பாப்பேன். நிக்கலைன்னா வேலைக்குப் போக வேணாம், வீட்டோட கெட" என்றாள். வீட்டோடு கிடந்தால் அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டும். அவர்கள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அந்தத் தகரக் கூரை வேண்டியிருந்தது. நீ பக்கத்தில் இருக்க, கைகள் பாட்டுக்கு வேலை செய்கிற அந்த இடம் வேண்டியிருந்தது. இதை ஒருத்தியிடம்தான் சொன்னேன், உன்னிடம்.

முதலாளிக்குத் தூசு இழுக்கும் மெஷின் யோசனை நம் இருமலால் வரவில்லை. பின்வீட்டு அம்மாவின் அப்பளத்தால் வந்தது. அவர் மொட்டை மாடியில் காய வைத்த அப்பளத்தை ஒரு முறத்தில் கொண்டுவந்து முதலாளியின் மேஜையில் வைத்துவிட்டு, பாதி தெலுங்கிலும் பாதி தமிழிலும் கேட்டது நினைவிருக்கிறதா? "பொரிச்சுத் தின்னு பாருங்க. அப்பளமா, ஒங்க நடைவண்டியான்னு நீங்களே சொல்லுங்க."

சுவரில் ஒரு ஃபேன் வைத்துத் தூசை வெளியே தள்ளிவிடலாம் என்றார் முதலாளி. வெளியே என்றால் அதே மாடிதான் என்று கடைசல் அண்ணாச்சி சொன்னதும் அந்தப் பேச்சு நின்றது. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் படம் போட்ட புத்தகத்தோடு வந்தார். மெஷின் அழகாக இருந்தது. விலையைக் கேட்டதும் முதலாளி புத்தகத்தை மூடி அவர் கையிலேயே கொடுத்து, காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அப்புறம்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பாய் ஒருவர், மூடிய மில்லிலிருந்து காற்றை இழுத்துத் தள்ளும் பழைய புளோயரை வாங்கித் தன் பட்டறையில் தானே மாட்டியிருப்பதாகத் தகவல் வந்தது. "முகூர்த்த மாசம், நான் நகர முடியாது. தூசு ஒங்க ரெண்டு பேர் சங்கதி. நீங்களே போய்ப் பாத்துட்டு வந்து எப்படின்னு சொல்லுங்க. அப்படியே செஞ்சிருவோம்" என்றார்.

அப்படியே செஞ்சிருவோம். அந்த வார்த்தையைப் பஸ்ஸில் போகும்போது எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன் தெரியுமா?

பாய் நல்ல மனிதர். பொம்பளைப் பிள்ளைகள் மெஷின் பார்க்க வந்ததில் அவருக்கு ஒரே சந்தோஷம். ஊதுபத்தியைக் கொளுத்தி என் கையில் கொடுத்து, "குழாய் வாய்க்குப் பக்கத்துல பிடி தாயி. பொகை எம்புட்டுத் தூரத்துல வளையுதுன்னு பாரு. அம்புட்டுத் தூரந்தான் இதுக்குப் பலம்" என்றார். ஒரு முழத்துக்குள் பிடித்தால்தான் புகை வளைந்து உள்ளே போனது. குழாயின் வாய் தேய்க்கிற இடத்துக்கு ஒட்டினாற்போல் இருக்க வேண்டும், குழாய் குட்டையாக, வளைவில்லாமல் போக வேண்டும் என்று அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. கடைசியில் மேலே தொங்கிய பையைக் காட்டினார். கெட்டியான காடாத் துணி.

"பைக்குள்ள போற காத்து வெளிய வரணும், தூசு வரக் கூடாது. இதுல சூத்திரமே இந்தத் துணிதான்" என்றார்.

நீதான் கேட்டாய். "பேண்டேஜ் துணியில தச்சா ஆகாதா பாய்?"

அவர் சிரித்துவிட்டார். "அது புண்ணுக்குப் போடுறதும்மா. சுருளு, செதிலு எல்லாம் நிக்கும். தரையும் சுத்தமாத்தான் தெரியும். மாவுத் தூசு மட்டும் அதுக்குள்ள பூந்து மேல ஏறி, ஒங்க தலையிலயே எறங்கும். நெஞ்சுக்குள்ள போறது அதான்."

நீ தலையாட்டினாய். நான் பார்த்தேன். திரும்பும்போது பால்கோவா வாங்கிப் பாதி எனக்குப் பிட்டுக் கொடுத்தாய். "நாளைக்கி நீ வாயத் தொறக்க வேணாம். நான் சொல்லிக்கிடுதேன்" என்றாய்.

மறுநாள் முதலாளி, கடைசல் அண்ணாச்சி, அறுவை மெஷின்காரர் எல்லோரும் நின்றார்கள். குழாய், வாய், ஊதுபத்தி எல்லாவற்றையும் நீ பிசகாமல் சொன்னாய். பைக்கு வந்தபோது உன் குரல் மாறவே இல்லை. "பேண்டேஜ் துணியே போதும்னாரு பாய். எங்க அண்ணன் தறியில ஓட்டுனது ஆர்டர் போகாம மூட்டை மூட்டையாக் கெடக்கு முதலாளி. மிச்சத்தைப் பாலிஷ் துடைக்க வச்சுக்கிடலாம்."

முதலாளி என்னைப் பார்த்தார். "ஏம்மா, அப்படியா சொன்னாரு?"

என் கை உன் கைக்குள் இருந்தது. நீ அதை ஒரு தடவை அழுத்தினாய். நான் தலையாட்டினேன். ஏதோ காரணம் இருக்கும், அப்புறம் சொல்வாய் என்று நினைத்தேன்.

உன் அண்ணனின் மூட்டைகளை முதலாளி வாங்கிக்கொண்டார்; அந்தத் துணியிலேயே பை தைத்து மாட்டினோம். புளோயருக்குச் சந்தனம், குங்குமம் வைத்து ஓட்டியபோது எல்லோரும் கை தட்டினார்கள். தரை பளிச்சென்று இருந்தது. பின்வீட்டு அம்மாகூட வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி அலமாரி மேல் வைத்தேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் பால் ஆடை போல மஞ்சள் படர்ந்திருந்தது. உன்னிடம் கொண்டுவந்து காட்டினேன். நீ தட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. வாசல் பக்கம் பார்த்தாய்.

"கழுவி வையிட்டி, எவனாவது பாத்துரப் போறான். கொஞ்ச நாளைக்குப் பொறுத்துக்கோ."

கொஞ்ச நாள் யாருக்கு என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து, நீ வராத ஒரு நாள், கடைசல் அண்ணாச்சி சொன்னார். "மாப்பிள்ளைக்கு வத்திராயிருப்பாமே, தென்னந்தோப்பு இருக்காம்லா?" நான் விழித்ததைப் பார்த்து அவர்தான் சங்கடப்பட்டார். "ஒனக்குத் தெரியாதா? பூ வச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே."

ஒரு மாதத்துக்கு மேல். அப்படியென்றால் பால்கோவாவைப் பிட்டுக் கொடுத்தபோதே உனக்குத் தெரியும். அந்தத் தகரக் கூரையின் கீழ் இனி நீ இருக்கப் போவதில்லை. அந்தத் தூசு இறங்கப்போவது என் தலையில் மட்டும்தான்.

உன் கல்யாணத்துக்கு வந்தேன், சாப்பிட்டேன், போட்டோவில் நின்றேன். கடிதத்தில் நீ இளநீரைப் பற்றி எழுதினாய், மாமியாரின் கோழிகளைப் பற்றி எழுதினாய், மலை எவ்வளவு பக்கத்தில் தெரிகிறது என்று எழுதினாய். பையைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வருவாய், அப்போது நேரில் கேட்கலாம் என்று வைத்திருந்தேன். ஆனி முடிவதற்குள் மஞ்சள்காமாலை என்று சொன்னார்கள். பஸ் பிடித்து வத்திராயிருப்பு வந்து சேர்ந்தபோது உன்னைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "ஒன்னையக் கூடப்பொறந்தவளாத்தானட்டி நெனச்சா" என்று அழுதாள். எனக்கு இருமல்தான் வந்தது. அழுகையை அடக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அம்மா சொன்ன ஒரு மாதக் கெடு எப்போதோ தாண்டியிருந்தது. வாயில் துணியை அடைத்துக்கொண்டு இருமி ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உன் காரியம் முடிந்த மறுவாரம் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னைக்கே கணக்கு முடிச்சுட்டு வா" என்றாள். பட்டறைக்குப் போனதும் நேரே முதலாளியின் மேஜை முன்னால் போய் நின்றேன். அண்ணாச்சியும் அறுவை மெஷின்காரரும் அங்கேதான் இருந்தார்கள். பையை மாற்ற வேண்டும், காடாத் துணி போட வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

முதலாளி புரியாமல் பார்த்தார். "பாய் இதே போதும்னாருன்னு அந்தப் பிள்ள சொல்லுச்சே. நீயும் கூடத்தான நின்ன?"

அறுவை மெஷின்காரர் சொன்னார், "போன பிள்ள, பாவம். அது பொய்யா சொல்லிருக்கும்?"

அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். நான் தப்பாகக் கேட்டுக்கொண்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். அவர்கள் மூன்று பேர் முகத்திலும் உன்மேல் இருந்த இரக்கத்தைப் பார்த்தேன். நான் மூச்சு விட வேண்டுமென்றால் அதைக் கலைத்தாக வேண்டும்.

"பொய்தான் சொன்னா முதலாளி. நானும் தலையாட்டுனேன்."

முதலாளி, "சரி, துணி எடுத்துட்டு வரச் சொல்லுதேன்" என்று மட்டும் சொன்னார். காடாத் துணியில் பையை நானே தைத்தேன். இருமல் முழுதாக விடவில்லை, ஆனாலும் குறைந்திருக்கிறது. அம்மா வேலையை விடச் சொல்வதில்லை. உன் அண்ணன் காதுக்கு விஷயம் போய்விட்டது. தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். "அண்ணன் கெஞ்சுதான், எனக்காகப் பொறுத்துக்கோட்டி" என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அந்தத் தூசை நான் தின்றிருப்பேன். உனக்கு அது தெரியும். தெரிந்தும் நீ கேட்கவில்லை.

இப்போது எனக்குப் பேச வருகிறது. பஸ்ஸில் டிக்கெட் கேட்கிறேன். டீக்கடையில் சர்க்கரை குறைத்துப் போடச் சொல்கிறேன். ஆனால் நாலு பேர் முன்னால் நானாக முதலில் பேசியது உன்னைப் பொய்க்காரி என்று. அதுவும் நீ திருப்பிப் பேச முடியாத நேரத்தில். என் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. இனி எத்தனை பேசினாலும் அதை மாற்ற முடியாது. வேறு எதையாவது சொல்லித் தொடங்கியிருப்பேன் அக்கா, நீ எனக்கு வேறு எதையும் விட்டுவைக்கவில்லை.