தவணை தவணையாக வந்த அட்டைகள்

1974 மே 4, சனி

காலையில் வெயில். சூடில்லை. கொடியில் போட்ட துணி மத்தியானம் தாண்டியும் ஈரம். மகள் வசந்திக்கு இரவு வேலை, தூங்குகிறாள். சத்தம் போடாமல் சமையல்.

ஊரில் நான் படிப்பித்த ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை ஒருமுறை கேட்டாள்: "ரீச்சர், உலகத்தின்ர மேல்பாதியில வசந்தம் எண்டால் கீழ்ப்பாதியில இலை உதிருது. அப்ப புதுசு எந்தப் பக்கத்தில தொடங்கும்?" பூமிக்குத் தோடம்பழத்தையும் சூரியனுக்கு மேசைவிளக்கையும் வைத்து விளக்கினேன். அவளுக்குத் திருப்தியில்லை.

இன்று அது ஞாபகம் வந்தது ஸ்டீவனால். பக்கத்து வீட்டு அமெரிக்கப் பையன். பையன் என்ன, முப்பதை நெருங்குகிறான். உலகத்தின் கீழ்ப்பாதியில் இருக்கிற இந்த நாட்டில் ஆசிரியர் போதாமல் அமெரிக்காவிலிருந்து ஆட்களை எடுத்தபோது வந்தவன். கணிதம் படிப்பிக்கிறான். நானும் ஆசிரியை என்பதால் வேலிக்கு மேலால் பேச எப்போதும் ஏதாவது இருக்கும்.

நேற்று அவனுக்கு ஊரிலிருந்து கப்பல் தபாலில் பார்சல். பேஸ்போல் அட்டைகள். முன்பக்கம் விளையாட்டுக்காரனின் படம், பின்பக்கம் அவன் ஆட்டக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் எண். அங்கே வசந்தத்தோடு விளையாட்டு தொடங்கும், அட்டையும் தொடங்கும். இங்கே வந்து சேரும்போது இலை உதிர்ந்துவிடும்.

முழுவதையும் ஒரேயடியாகக் கடைக்கு விடமாட்டார்களாம். முதல் நூறு சொச்சம் எண்கள், ஒரு மாதம் கழித்து அடுத்தது, கோடை முடிவில் கடைசி. கடைசித் தொகுதி கிடைப்பது கடினம். பாடத்திட்டத்தைத் தவணை தவணையாகப் பிரிப்பதுபோல என்றேன். அதேதான் என்றான்.

ஆனால் முகம் சரியில்லை.

மே 6, திங்கள்

மழை. முழங்கால் வலி. சீனி, தேயிலை, வெங்காயம் வாங்க வேண்டும்.

ஸ்டீவன் தானாகவே சொன்னான். தாய் இல்லை. தகப்பன் பழைய பட்டாளத்துக்காரர். வியட்நாம் போருக்கு எதிரான ஊர்வலத்தில் மகன் நடந்ததிலிருந்து பேச்சு இல்லை. மூன்று வருடமாக ஒரு வரி கடிதம் இல்லை. அட்டை மட்டும் வரும். அவன் சிறுவனாக இருந்தபோது இருவரும் சேர்ந்து இப்படி அட்டை சேர்ப்பார்களாம். புதுத் தொகுதி கடைக்கு வரும்போதெல்லாம் ஒரு பார்சல், தகப்பனின் கையெழுத்தில் விலாசம். வருடத்தில் நாலைந்து முறை. தகப்பன் உயிரோடு இருக்கிறார், தன்னை நினைக்கிறார் என்பதற்கு அவனுக்கு வேறு சாட்சி இல்லை.

இந்த முறை பெட்டிக்குள் முதல் எண்ணிலிருந்து கடைசி எண் வரை எல்லாமே இருக்கிறது.

"அவர் முடித்துக்கொண்டார், மிசிஸ் நல்லதம்பி. மொத்தமாகக் கொடுத்துவிட்டு, இனி வேண்டாம் என்கிறார்."

அப்படியும் இருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம் என்றேன். மாணவன் விடைத்தாளை அரைமணியில் தந்துவிட்டுப் போனால், கோபித்துக்கொண்டு போனானா, எல்லாம் எழுதிவிட்டானா என்று தாளைப் பார்க்காமல் சொல்ல முடியாது. உதாரணம் பொருந்தவில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது.

வருட முடிவில் அவனுடைய ஒப்பந்தம் முடிகிறது. ஊருக்குப் போவதா, இன்னும் இரண்டு வருடம் கையெழுத்திடுவதா. தகப்பன் கதவைத் திறப்பாரா என்று தெரியாமல் எப்படி முடிவெடுப்பான்?

மே 12, ஞாயிறு

வெயில் திரும்பிவிட்டது. மருமகன் கணேசன் புல் வெட்டினார். அவருக்கு அந்த இயந்திரத்தின் சத்தம் பிடித்திருக்கிறது போல. வெட்டிய இடத்தையே மறுபடி வெட்டுகிறார்.

ஸ்டீவனுடைய பள்ளிக்கூடத்தில் இன்னொரு அமெரிக்க ஆசிரியர். அவருடைய தம்பியும் அட்டை சேர்க்கிறவன். விசாரித்ததில் விசயம் தெரிந்துவிட்டது. இந்த வருடம் அட்டை அடிக்கிற கம்பனி தவணை முறையையே விட்டுவிட்டதாம். ஆரம்பத்திலேயே எல்லா அட்டையும் கடையில். தகப்பன் கிடைத்ததை வாங்கி அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் சந்தோசப்பட்டேன். அவன் படவில்லை. இனி அடுத்த வருடம் வரை அனுப்ப அவரிடம் என்ன இருக்கிறது என்று கேட்டான். கோபம் இல்லை என்றாகிவிட்டது. ஆனால் பார்சல் அனுப்ப இருந்த சாட்டும் இல்லாமல் போய்விட்டது. சாட்டில்லாமல் பேசத் தெரியாத ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மே 18, சனி

பயற்றம் பணியாரம் சுட்டோம். ஸ்டீவனைச் சாப்பிடக் கூப்பிட்டோம். வசந்தி நல்ல நித்திரைக்குப் பிறகு, வாய் மூடாமல் கதைத்தாள்.

போன மாதம் அவனுக்குக் கறி வைத்துக் கொடுத்துவிட்ட கண்ணாடிக் கோப்பையைக் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொண்டுவந்தான். மினுமினுவென்று. வெறுமனே. வசந்தி என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் விழித்தான். சொல்லத்தான் வேண்டியிருந்தது: எங்கள் ஆட்கள் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பமாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனி. அதற்கும் வழியில்லை என்றால் செடியில் இருக்கிற நாலு பச்சை மிளகாய். பாத்திரம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருக்கும்.

அப்போதுதான் எனக்குப் பட்டது. கேட்டேன், மூன்று வருடமாக அவரிடமிருந்து அட்டை வந்ததே, நீ என்ன திருப்பி அனுப்பினாய்?

முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டான். "ஒன்றுமில்லை. அவர் ஒன்றும் கேட்கவில்லையே."

வசந்தி ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறி என்னிடம் சொன்னாள்: "அம்மா, அந்த மனுசன் மூண்டு வருசமா வெறுங்கோப்பையைப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார்."

மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டான். மொழிபெயர்த்தாள். பிறகு பணியாரம் ஆறு சாப்பிட்டான்.

மே 20, திங்கள்

குளிர். முதல்முறையாக ஹீட்டரைப் போட்டோம்.

கடிதம் எழுத மூன்று முறை உட்கார்ந்தானாம். முதல் வரியிலேயே மறுபடி போர் வந்துவிடுகிறதாம். கடிதம் வேண்டாம் என்றேன். வந்தது அட்டை. போவதும் அட்டையாக இருக்கட்டும்.

பின்னேரம் இருவரும் மூலைக்கடை மில்க் பாருக்கு நடந்தோம். இங்கே இந்த நாட்டுக்கே உரிய ஒரு புட்போல் உண்டு, அதற்கும் அட்டை, பபிள்கம்மோடு. எப்போது வரும் என்று கடைக்காரக் கிரேக்கரிடம் கேட்டேன். விளையாட்டு தொடங்குமுன் ஒரு தொகுதி வந்துவிட்டதாம். மிச்சம் குளிர்காலத்தில், கம்பனி நினைத்தால். கிரிக்கெட் அட்டை வெயில் காலத்தில் வந்தாலும் வரும், வராமலும் போகும். "சரக்கு அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பேன், அவர்கள் வானத்தைப் பார்ப்பார்கள்" என்றார். எனக்கு ஒரு பபிள்கம் சும்மா தந்தார். பல்லில் ஒட்டிக்கொண்டது.

ஸ்டீவன் பத்துப் பக்கெட் அட்டை வாங்கினான். குசினி மேசையில் பிரித்தோம். அட்டையில் வெள்ளை மாப்பொடி, இனிப்பு வாசனை. கணேசன் வேலையால் வந்து எட்டிப் பார்த்தார்.

"மாமி, இந்த வயசில சூதோ?"

"படிப்பு" என்றேன்.

"அப்ப எனக்கு அந்த பபிள்கம்மைத் தாங்கோ, நான் பாஸாகிறன்."

ஒரே விளையாட்டுக்காரனின் படம் இரண்டு முறை வந்ததை ஸ்டீவன் தனியே எடுத்துவைக்கப் போனான். இருக்கட்டும், இரண்டையும் போடு என்றேன். ஒன்றைத் தகப்பன் யாருக்காவது கொடுக்கலாம்.

மே 21, செவ்வாய்

ஸ்டீவன் பள்ளிக்கூடம் போகுமுன் விமானத் தபாலில் போட்டுவிட்டான். உள்ளே கடிதம் இல்லை. உறையின் பின்புறம் அனுப்புநர் விலாசத்தை மட்டும் பெரிதாக எழுதச் சொன்னேன்.

ஜூன் 8, சனி

பனி. புல்லெல்லாம் வெள்ளை. வசந்தி படம் எடுத்தாள், கொழும்புக்கு அனுப்ப.

தபால் இல்லை. அவனுடைய தபால்பெட்டியை நான்தான் இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வெட்கம்.

ஒப்பந்தப் பத்திரம் மேசையில் கிடக்கிறதாம். கையெழுத்து இன்னும் இல்லை.

இரவு யோசனை. தகப்பனுக்குப் பிடிக்காமல் போயிருந்தால்? இந்தப் பிள்ளை என் பேச்சைக் கேட்டு அனுப்பினான். இன்னொருவர் வீட்டுக் கோபத்துக்குள் நம் வீட்டு வழக்கத்தைக் கொண்டுபோய் வைத்தது சரியா? தெரியவில்லை. வகுப்பில் இந்த மாதிரிச் சந்தர்ப்பத்தில் 'நாளை பார்ப்போம்' என்று சொல்லி மணியடிக்கக் காத்திருப்பேன்.

ஜூன் 19, புதன்

காலை முழுவதும் தூறல். பருப்பு அடிப்பிடித்தது.

பின்னேரம் நாலு மணிக்கு வேலிப்பக்கம் ஸ்டீவன். குடை இல்லை. கையில் விமானத் தபால் உறை. உள்ளே கடிதம் இல்லை. நாங்கள் அனுப்பிய புட்போல் அட்டைகளில் ஒன்று. இரட்டையாய் வந்தவனின் ஒரு படம். அதன் ஓரத்தில் பென்சிலால், நடுங்கிய பெரிய எழுத்தில், ஒரு கேள்வி. வாசித்துக் காட்டினான்:

"இந்தப் பையனுடைய சட்டைக்குக் கை எங்கே?"

அவ்வளவுதான். மூன்று வருடத்துக்குப் பிறகு தகப்பன் எழுதிய முதல் வரி. ஸ்டீவன் சிரித்தான். பிறகு அட்டை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, வேலிக்கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டான். நான் அடுப்பில் ஏதோ இருப்பதுபோல் வீட்டுப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என்ன பதில் எழுதுவது என்று கேட்டான். விளையாட்டு எனக்குத் தெரியாது. கணேசனைக் கேட்டோம்.

"கையை வெட்டினது ஓட லேசாம் எண்டு எழுதச் சொல்லுங்கோ. மிச்சம் நேரில வந்து சொல்லுறன் எண்டும் எழுதச் சொல்லுங்கோ, மாமி."

முதல் வரியை இன்றே எழுதுவானாம். இரண்டாவதை எழுதுவானா, தெரியாது. பேனா என்னுடையதை வாங்கிப் போயிருக்கிறான். இந்தக் குறிப்பு பென்சிலில்.

பாட முடிவில் வழக்கம்போல் ஒரு பயிற்சி, எனக்கும் சேர்த்து: உன்னோடு பேசாத ஒருவருக்கு இந்தக் கிழமை சின்னதாக ஒன்று அனுப்பு. உள்ளே கடிதம் வைக்காதே.