யாகூப் நபியும் அழுதார்

ஜூலை 9, புதன்

மூன்று மாதமாக என் மனம் எதிலும் ஒட்டவில்லை. இன்று எங்கள் துணிக்கடையில் ஆட்கள் முன்னாலேயே மதினி, "அல்லாஹ் மேல ஈமான் உறுதியா இருந்தா இந்த மனநோய் வராது" என்றார்.

அவர் போனதும், மலையகத்து மடுல்சீமையிலிருந்து வந்து கடையில் வேலை செய்யும் ஸ்டெல்லா அருகில் வந்தாள். "அக்கா, எங்க வேதத்துல எலியா தீர்க்கதரிசியே சாகணும்னு கேட்டாருங்க. தேவதூதன் ஏசல. அடையும் தண்ணியும் குடுத்து எழுப்பினாரு."

"எங்கட யாகூப் நபி மகனப் பிரிஞ்சு அழுதழுது கண் பார்வையே போனவங்க. அவங்கட ஈமான யாரு குறை சொல்லுவாங்க?" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

இரவு கணவரிடம் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். குர்ஆன் ஓதிப் பார்த்தால் போதும் என்பார் என்று இத்தனை நாள் பயந்திருந்தேன்.

"அல்லாஹ்கிட்ட துஆவும் கேப்பம், டாக்டரையும் பார்ப்பம். நாளைக்கே கடையப் பூட்டிட்டு நானும் வாறன்" என்றார்.