அண்ணன் சொன்ன வான் விலை

14, ஞாயிறு

வாகன இறக்குமதி நின்றபோது ஏறிய விலை இன்னும் இறங்கவில்லை. பழைய வானுக்கு ஹட்டனில் ஒரு விலை, நுவரெலியாவில் ஒரு விலை. மாமியாரோடு வீட்டில் ஏழு பேர், வான் இல்லாமல் சரிவராது. அதனால் இன்று மஸ்கெலியாவுக்குப் போய் அண்ணனிடம் கேட்டோம். அவனிடம் இருப்பது நாங்கள் விற்ற வான்தான். சொந்த அண்ணன் என்று அன்றைக்குப் பதினெட்டு லட்சத்துக்குக் கொடுத்தோம். இன்று முப்பத்தைந்து கேட்கிறான்.

"ஒனக்குன்னுதான் தங்கச்சி இந்த வெல. வெளியாளுக்கு நாப்பது."

என் கணவர் தலையாட்டிக்கொண்டு நின்றார். அண்ணன் வான் கதவைத் திறந்து அவருக்குக் காட்டினான்.

"சீட் கவரப் பாருங்க மச்சான். கையால தச்சது. இதுக்கே தனியா காசு கேக்கலாம்."

தைத்தது நான். அவனுக்கு அது நினைவே இல்லை.

உள்ளே ஏறி ஏழு கவரையும் கழற்றத் தொடங்கினேன். பின்சீட்டில் ஒன்று மட்டும் வரவில்லை. அண்ணிதான் கத்தரிக்கோல் எடுத்துக் கொடுத்தார்.

கவர் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினோம். சற்று முன் அண்ணன் எங்களுக்குப் போன் எடுத்தான். முப்பத்துமூன்றுக்குத் தருகிறானாம். அப்படியானால் என் தையலுக்கு விலை இரண்டு லட்சம். அந்த வானை இனி ஓசியில் கொடுத்தாலும் ஏறமாட்டேன்.